பதினேழாம் எண் டோக்கன்

மார்ச் 4

நூலகர் அவர்களுக்கு,

உறுப்பினர் எண் 2208 எழுதும் புகார் இது. உங்கள் புகார்ப் பெட்டியில் போடாமல் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பெட்டியின் சாவி உங்கள் இழுப்பறையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்கும் போகிறது.

பிப்ரவரி 28, சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தேன். புது விதிப்படி என் போனை உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதை நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் தகர அடுக்கில் வைத்துவிட்டுப் பதினேழாம் எண் டோக்கன் கொடுத்தீர்கள். ஒன்றரை மணிக்குத் திரும்ப வாங்கினேன். படியிறங்கி வந்து பார்த்தால் தெரியாத ஓர் எண்ணிலிருந்து பதினொரு அழைப்புகள். முதலாவது பதினொன்று இருபதுக்கு, கடைசி பன்னிரண்டு பத்துக்கு. ஐம்பது நிமிடம் ஒருவர் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். நான் பத்தடி தூரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இலக்கணப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

ஒரு மனிதர் எதற்காகப் பதினொரு முறை கூப்பிடுவார்? எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாக அது ஒன்றைத்தான் யோசிக்கிறேன்.

பின்குறிப்பு: உங்கள் சுவரில் ‘அமைதியை காக்கவும்’ என்று ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறது. நான் அச்சகத்தில், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரத் தாள்களுக்குப் பிழை திருத்துகிறவள். ஆறு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

உறுப்பினர் 2208


மார்ச் 9

உறுப்பினர் 2208 அவர்களுக்கு,

தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது. இந்த நூலகத்தில் எழுத்தில் வந்த புகாருக்கு எழுத்தில் பதில் தருவது வழக்கம். தங்கள் அட்டையில் போன் எண் இல்லாததாலும் கடிதமே எழுதுகிறேன்.

சனவரி மாதச் சுற்றறிக்கையின்படி வாசகர்களின் கைப்பேசிகள் கவுண்டரில் பெற்று வைக்கப்படுகின்றன. அவற்றைத் தொடவோ, எடுத்துப் பேசவோ, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கவோ பணியாளருக்கு அனுமதி இல்லை. தகர அடுக்கின் பதினேழாம் கட்டத்தில் இருந்த போன் அன்று பலமுறை அதிர்ந்தது உண்மை. விதிப்படியே நடந்தேன். இதில் என் தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பலகையில் க் போட்டாகிவிட்டது.

நூலகர்


மார்ச் 13

நூலகர் அவர்களுக்கு,

தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு இல்லை என்று எழுதவில்லை. பிழை திருத்துகிறவளுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது.

போன் எண் தர மாட்டேன். என் போனை உங்களிடம் ஒருமுறை கொடுத்தது போதும்.

அச்சகத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இயந்திரம் ஓட்டுகிறவர், “கடன் வேணுமான்னு கேக்குறவனா இருப்பான், விடும்மா” என்கிறார். தாள்களை மடித்துக் கட்டுகிற அக்கா, “அவனுங்க பதினொரு தடவை எல்லாம் கூப்பிட மாட்டானுங்க, மனசுல இருக்குறவங்கதான் கூப்பிடுவாங்க” என்கிறாள். என் மனதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவர் இருக்கிறார். அவர் என்னைக் கூப்பிடவே மாட்டார். ஆகவே அது அவராக இருக்க முடியாது. அப்படியானால் யார்?

உங்களைக் கேட்டு என்ன பயன்? நீங்கள்தான் பார்க்கவே இல்லையே.

2208


மார்ச் 20

உறுப்பினர் 2208 அவர்களுக்கு,

இது அலுவலகப் பதில் அல்ல. கோப்பில் சேர்க்கவில்லை.

இரண்டு நாளாக எனக்கும் தலை சுற்றுகிறது. சனவரியில் போன் உள்ளே வரக் கூடாது என்றார்கள். இந்த மாதம் பதினொன்றாம் தேதி, சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பதினாறாம் தேதி வந்த தாளில், இனி உறுப்பினர் அட்டையே போனில்தான், அதைக் காட்டாதவரை உள்ளே விடக் கூடாது என்றிருக்கிறது. எங்கள் உதவியாளரைத் தங்களுக்குத் தெரியும். எல்லோரும் உஷ்ஷக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், சனவரில போன் இருந்தா வெளிய போங்கன்னோம். இப்ப போன் இல்லன்னா வெளிய போங்கன்னு சொல்லணும். எதுக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, எனக்கு மாறிடும்.”

இன்னொன்று. காது கேளாத தையற்காரர் ஒருவர் பத்திரிகைப் பகுதிக்கு வருவார். நேற்று போனை மேசையில் நிமிர்த்தி வைத்து, படத்தில் தெரிந்த மனைவியோடு கையால் பேசிக்கொண்டிருந்தார். துளி சத்தம் இல்லை. ஆனாலும் அது பேச்சுதான். சிரித்தார்கள், நடுவில் சண்டைகூடப் போட்டார்கள். போனில் பேசக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே. நான் எழுந்து போனேன், பக்கத்தில் நின்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். இருபத்தேழு வருடப் பணியில் எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்தது அதுவே முதல்முறை.

அந்தப் பதினொரு அழைப்பும் யாருடையவை என்று தெரிந்ததா? கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நூலகர்


மார்ச் 29

நூலகர் அவர்களுக்கு,

தெரிந்துவிட்டது.

கீழ்வீட்டு அம்மா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். நேற்றுதான் திரும்பினார். படியில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “என்னம்மா, அண்ணனப் பாத்தியா? எவ்ளோ நேரம் இருந்தாரு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை என் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறான். சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். நான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் துறைமுகத்தில் கப்பல் நின்றிருக்கிறது, மறுநாள் கிளம்புகிறது. கரையில் புது சிம் ஒன்று வாங்கியிருந்தானாம். கீழ்வீட்டு அம்மாதான் என் எண்ணைக் கொடுத்து, “அவ சனிக்கிழமைன்னா லைப்ரரிலதான் இருப்பா, அங்கயே போய்ப் பாருங்க” என்று வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதே நாள் மாலையே ஊருக்குப் போய்விட்டதால் என்னிடம் சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அவன் கடலில் இருந்தான். அம்மாவுக்கு முடியாமல் போனதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம் என்று அம்மாதான் தடுத்தாள். ஒன்பது நாள் கழித்து வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஒரு போன் பண்ண முடியலயா உனக்கு?” என்று மட்டும் கேட்டான். அம்மாதான் வேண்டாமென்றாள் என்றேன். திரும்பிப் போனான். எண்ணை மாற்றினான். அதோடு சரி.

அப்படிப்பட்டவன் தானாக வந்திருக்கிறான். நூலகம்வரை வந்தானா, வழியிலேயே மனம் மாறித் திரும்பினானா என்று தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா? உயரம், முன்மண்டை வழுக்கை, இடது கட்டைவிரலில் நகம் இருக்காது.

2208


மார்ச் 31

அம்மா,

இதை உஷ்ஷக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

வந்தார்.

அன்று பதினொன்றரை மணி இருக்கும். கவுண்டருக்கு முன்னால் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். “இங்க போன் பேசக் கூடாது” என்றேன். அவர், “நான் பேசவே இல்லயே சார், யாரும் எடுக்கல” என்றார். போனை வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னேன். “என்கிட்ட இருக்குறது இது ஒண்ணுதான், அவ திருப்பிக் கூப்பிட்டா எடுக்கணும்ல” என்றார். பிறகு, உள்ளே இன்னார் இருக்கிறாரா என்று தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டார். வாசகர் விவரம் தருவதற்கில்லை என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான். அவர் கண்ணாடிக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி போனை அழுத்தினார். நான் வெளியே போகச் சொன்னேன். கையை நீட்டி வாசலைக் காட்டினேன். அப்போதுதான் போனைப் பிடித்திருந்த அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்தேன், நகம் இல்லை.

இன்னும் இருக்கிறது. தங்கள் போன் தகரத்தில் அதிர்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. எடுத்து, தூசித் துணியை நான்காக மடித்து அதன் கீழே வைத்தேன். சத்தம் நின்றது. தொடக் கூடாது என்ற விதிக்காக எடுத்துப் பேசவில்லை என்று தங்களுக்கு எழுதியவன் நான். துணி வைக்கத் தொட்டேன்.

எனக்கு முன்னால் ஒரு மனிதர், பின்னால் ஒரு போன். இரண்டு தொந்தரவுகள் என்றுதான் நினைத்தேன். அவர் போனை அழுத்தும்போதெல்லாம் இது அதிர்ந்ததைக் கவனிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நூலகர்


ஏப்ரல் 5

நூலகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தும் மேசையில் வைத்து ஏழு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

துணி மடித்து வைத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? கொலைகாரர் என்றா? தூசி தட்டுகிறவர் என்றா? மூன்று தாள் எழுதிக் கிழித்தேன்.

என்னை அம்மா என்று கூப்பிடாதீர்கள். இனி எழுதவும் வேண்டாம்.


ஏப்ரல் 19

உறுப்பினர் 2208 அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். அனுமதி இல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டதால் எழுத வேண்டியிருக்கிறது.

மார்ச் முதல் தேதிப் பத்திரிகையை எடுத்துத் துறைமுகச் செய்திகளைப் பார்த்தேன். அன்று கிளம்பியவை மூன்று சரக்குக் கப்பல்கள். பெயர் கிடைத்ததே தவிர, அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தையற்காரர் எட்டிப் பார்த்தார். துண்டுச் சீட்டில், ‘கப்பலா தேடுறீங்க?’ என்று எழுதிக் காட்டிவிட்டுத் தன் போனை எடுத்தார். அதில் கடல் முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒவ்வொன்றும் ஒரு கப்பலாம். நாங்கள் தேடிய மூன்றும் அதில் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தொட்டதும் அதன் சொந்தக்கார நிறுவனம், முகவரி எல்லாம் வந்தது. அதே போனைத்தான் சனவரியில் நான் பிடுங்கி வைத்தேன்.

மூன்று முகவரிக்கும் எழுதினேன். உங்கள் உறுப்பினர் படிவத்தில் இருந்த தகப்பனார் பெயரைக் குறிப்பிட்டு, அவருடைய மகன் இயந்திர அறையில் இருக்கிறாரா என்று கேட்டு, நூலகத்தின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வாசகர் விவரத்தை வெளியே கொடுத்தது விதிமீறல். தெரிந்தேதான் செய்தேன்.

தலைமை அலுவலகம் உங்கள் புகாருக்கு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். பழைய பைண்டிங் அறையைக் காலி செய்து, போன் பேசுகிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தகர அடுக்கை எடுத்தாயிற்று. போனை உள்ளே கொண்டுபோக விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் உஷ்ஷக்காவிடம் கொடுக்கலாம். அது அதிர்ந்தால் அவர் வந்து தோளைத் தொடுவார். முதல் நாளே மூன்று பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவருக்கு வந்தது கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு. அவர் உஷ்ஷக்காவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இது சரியா என்று தெரியவில்லை. வாசிப்பு அறையில் இப்போது பாதிப் பேர் போனைத்தான் பார்க்கிறார்கள். படிக்கிறார்களா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் போனைப் பூதக்கண்ணாடியாகப் பிடித்து அகராதி பார்க்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் அதே மாதிரி குனிந்து பந்து விளையாட்டுப் பார்க்கிறார். முதுகைப் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்.

நூலகர்


ஏப்ரல் 25

நூலகர் அவர்களுக்கு,

யாரைக் கேட்டு எழுதினீர்கள்? கோபப்பட வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். ஆனால் மூன்று கப்பலின் பெயரையும் உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்று அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. எந்தக் கோபம் உண்மை என்று தெரியவில்லை.

அவன் கூப்பிட்டால் என்ன செய்வது? நீங்கள் துணி மடித்து வைத்ததற்காக இத்தனை நாள் உங்கள் மேல் ஆத்திரப்பட்டேன். இப்போது நிஜமாகவே போன் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். நேற்று அச்சகத்தில் போன் அதிர்ந்தபோது, மாத்திரையின் அளவு போட்டிருக்கும் வரியில் ஒரு புள்ளியைத் தவறவிட்டேன். நல்ல வேளை, மேற்பார்வையாளர் பிடித்துவிட்டார். பதினான்கு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவா? விளக்கம் கேட்பதோடு விடுவார்களா, உங்களை வேறெங்காவது தூக்கிப் போடுவார்களா? கேட்கும் உரிமை எனக்கும் இல்லை. கேட்கிறேன்.

2208


மே 12

உறுப்பினர் 2208 அவர்களுக்கு,

தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். பைண்டிங் அறைக்கு அனுமதி கேட்டு எழுதியதில் ஆதாரமாக இணைத்திருப்பதே அந்தப் புகாரைத்தான். அது போனால் அறையும் போகும். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. கோப்பில் வைத்துவிட்டேன். தகுதியானதுதான்.

இனிதான் விஷயம். இன்று காலை உங்கள் அண்ணன் நூலகத்துக்குப் போன் செய்தார்.

தொலைவில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே பேசினார். நான் யார் என்று சொன்னேன். “வாசலக் காட்டுனவரா?” என்றார். ஆமாம் என்றேன். பிறகு கேட்டார்: “அவ என்னப் பாத்துட்டுத்தான் குனிஞ்சுக்கிட்டாளா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போன் செய்துகொண்டிருந்தபோது, நீங்கள் தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்தீர்களாம். பிறகு புத்தகத்தில் குனிந்துகொண்டீர்களாம். போன் அடிக்கிறது, ஆளையும் பார்த்தாயிற்று, எடுக்க மனமில்லை என்று நினைத்திருக்கிறார். நான் போகச் சொன்ன பிறகும் வெளிப்படிக்கட்டில் நின்று நாலைந்து முறை கூப்பிட்டிருக்கிறார். ரயிலில் ஏறியதும் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டாராம்.

உங்கள் போன் என்னிடம் இருந்தது என்றும் துணி மடித்த கதையையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்ததைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் எண் அவரிடம் இன்னும் இருக்கிறதாம். ஞாயிறு, பதினேழாம் தேதி, மூன்று மணிக்கு உங்களைக் கூப்பிடுவார். விருப்பம் இருந்தால் எடுக்கச் சொன்னார். பைண்டிங் அறை வேண்டுமானால் அன்று விடுமுறை என்றாலும் திறந்து தருகிறேன்.

நூலகர்


மே 18

சார்,

அறை வேண்டாம் என்றுதான் வரவில்லை. வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே பேசினேன்.

படிக்கும்போது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். தூரத்தில் இருப்பது எல்லாம் எனக்குப் புகைதான். அன்று கதவருகே ஏதோ நிழல் ஆடியது போல இருந்தது, நிமிர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை, குனிந்துகொண்டேன். அவ்வளவுதான். அதைச் சொன்னதும், “இன்னும் அந்தப் பழக்கம் போகலயா?” என்றான். குரல் கொஞ்சம் இளகியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாம் நன்றாக முடிந்திருக்கும்.

அவன்தான் கேட்டான். “அம்மா எதுக்கு என்கிட்ட சொல்ல வேணாம்னாங்க? எம் மேல கோவமா? அத மட்டும் கேட்டுட்டுப் போகத்தான் அன்னைக்கு வந்தேன்.”

சார், உங்களுக்கு எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அம்மா அப்படிச் சொல்லவே இல்லை.

மூன்று மாதம் நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். அவன் வாரம் தவறாமல் போன் செய்வான். “எல்லாம் நல்லா இருக்கா?” என்பான். “இருக்கு” என்பேன். குரலை வைத்தே அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வீம்பு. அவன் கண்டுபிடிக்கவில்லை. அம்மா அவன் எங்கே என்று கேட்டாள். கடைசி வாரத்தில் இரண்டு முறை கேட்டாள். போன் என் கையில்தான் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்புறம் நாளை இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அம்மா தடுத்ததாகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது. உங்களுக்கு எழுதியபோது பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். இந்த வரிசையில் இல்லை, முன்னும் பின்னுமாக. இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவன் வைத்தானா, கடலில் தொடர்பு போய்விட்டதா என்று தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். போகவில்லை.

போனை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். சொன்னது நல்லதுக்கா, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனா என்று ஒன்றும் பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை. கால் மணி நேரம் இருக்கும். போன் அதிர்ந்தது. டப்பா மூடியின் மேல் நகர்ந்துகொண்டே போய், விளிம்புக்கு வந்தது. அதே எண்.

எடுத்துவிட்டேன்.

அதற்கு மேல் அவன் பேசியதும் நான் பேசியதும் எங்களுக்கு உரியவை. அதை யாருக்கும் எழுதப் போவதில்லை.

உறுப்பினர் 2208